பட்டறை கேள்வி–பதில்: மில்லிங் மெஷினில் ஸ்லாட்டிங்

கேள்வி: எங்கள் பட்டறையில் கிடைமட்ட மில்லிங் மெஷின் ஒன்று உள்ளது. ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) ஐ.எஸ்.ஓ. 40 அளவு, குறைந்த வேகம் நிமிடத்துக்கு 45 சுற்று. புல்லிகளில் கீவே (தண்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்) எடுக்க ஒவ்வொரு முறையும் வெளியே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். பெரும்பாலும் 25 மி.மீ. துளை, 40 மி.மீ. நீளம், 8 மி.மீ. கீ. ஸ்பிண்டிலின் சுழற்சியைக் கொண்டே இயங்கும் ஸ்லாட்டிங் இணைப்பை (டூலை மேலும் கீழும் ஓட்டிப் பள்ளம் வெட்டுவது) நாங்களே செய்துகொள்ள முடியுமா? பேரிங் கெட்டுவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்.
— ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம். பேரிங்கைப் பற்றிய பயத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக்கொள்ளலாம். 8 மி.மீ. அகல டூல் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.05 மி.மீ. ஆழம் வெட்டினால், சிப்பின் குறுக்குப் பரப்பு 0.4 சதுர மி.மீ. மைல்டு ஸ்டீலில் இவ்வளவு மெல்லிய சிப்புக்குச் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 300 கிலோ விசை என்று வைத்துக்கொண்டால், டூலைப் பிடித்து மேலும் கீழும் ஓடும் ரேமை 120 கிலோ விசையுடன் கீழே தள்ள வேண்டியிருக்கும். அந்த விசை ஸ்பிண்டிலின் அச்சுக்குக் குறுக்காகவே வருகிறது. கிடைமட்ட மில்லிங்கில் கட்டர் கொடுக்கும் சுமையும் அப்படிப்பட்டதுதான் என்பதால் பேரிங்குக்கு இது புதிதல்ல. ஸ்பிண்டில் முகத்திலிருந்து கிராங்க் பின் (சுழற்சியை மேல்–கீழ் ஓட்டமாக மாற்ற, மையத்திலிருந்து விலகி நிற்கும் முளை) எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

அதனால், ஸ்பிண்டிலின் கூம்புத் துளையில் (டேப்பர்) ஆர்பர் என்னும் தண்டை மாட்டி அதன் நுனியில் கிராங்க் வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 40 ஸ்பிண்டிலின் முகத்தில், பெரிய ஃபேஸ் மில் பொருத்துவதற்கென்றே, 66.7 மி.மீ. வட்டத்தில் நான்கு எம் 16 மரைத் துளைகள் இருக்கும். அந்த முகத்தின் வெளி விட்டத்தின் மேல் துல்லியமாக உட்காரும்படி ஒரு தட்டைக் கடைந்து, முகத்தில் துருத்தி நிற்கும் டிரைவ் கீகளுக்குப் பள்ளம் எடுத்து, நான்கு போல்ட்டால் இறுக்கினால், கிராங்க் ஸ்பிண்டிலை ஒட்டியே நிற்கும். ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொள்ளத் தட்டில் டி-ஸ்லாட் எடுப்பதே வழக்கம் என்றாலும், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நட் தளர்ந்து பின் நழுவினால் ஸ்ட்ரோக் தானாகவே மாறிவிடும். மையத்திலிருந்து 15, 22.5, 30 மி.மீ. தூரங்களில், போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட கோணங்களில், மூன்று மரைத் துளைகள் போட்டுவிட்டால் 30, 45, 60 மி.மீ. என மூன்று ஸ்ட்ரோக்குகள் கிடைக்கும். உங்கள் 40 மி.மீ. புல்லிக்கு, மேலும் கீழும் விடவேண்டிய இடைவெளியோடு சேர்த்து, 60 மி.மீ. சரியாக இருக்கும்.

கிராங்க் பின்னிலிருந்து ரேமுக்கு இரண்டு வழிகள் உண்டு. ரேமின் குறுக்கே பள்ளம் எடுத்து அதில் சதுரக் கட்டை வழுக்கும்படி செய்வது அடக்கமான அமைப்பு. ஆனால் பள்ளம் தேயத் தேய ஒவ்வொரு திருப்பத்திலும் டக் டக் என்று தட்டும். முதன்முறையாகச் செய்கிறவருக்குக் கனெக்டிங் ராடே நல்லது. கிராங்க் ஆரத்தைப்போல நான்கு மடங்கு, அதாவது 120 மி.மீ. நீளம் வைத்து, இரு முனைகளிலும் கன்மெட்டல் புஷ் அடித்துவிட்டால் போதும். தேய்ந்தால் புஷ்ஷை மாற்றிக்கொள்ளலாம். ரேமின் வழித்தடம் 150 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். ஜிப் (வழித்தடத்தின் இடைவெளியைக் குறைக்கும் பட்டை) வைத்து இறுக்கம் சரிசெய்யும் வசதி அவசியம்.

இணைப்பின் உடல் எங்கே தாங்கி நிற்கப் போகிறது என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். கிராங்க் 30 மி.மீ. ஆரத்தில் 120 கிலோவைத் தள்ளும்போது, ராட் சாயும் சாய்வினால் ரேம் பக்கவாட்டில் 30 கிலோ அளவுக்கு வழித்தடத்தை அழுத்தும். ஆகவே 25 மி.மீ. தட்டில் உடலைச் செய்து ஓவர்ஆர்மில் (மெஷினின் மேலே நீண்டு நிற்கும் கை) கவ்வுங்கள். உங்கள் ஓவர்ஆர்ம் ஒற்றை உருளைத் தண்டாக இருந்தால் அது மெல்லத் திரும்பிவிடக் கூடும் என்பதால், மெஷினின் தூண் முகத்திலும் ஒரு பிடிமானம் கொடுத்தே ஆக வேண்டும்.

டூல் பார் விஷயத்தில் பொறுமை வேண்டும். 25 மி.மீ. துளைக்குள் 18 மி.மீ. பார்தான் நுழையும். 65 மி.மீ. நீட்டிய அந்த பாரின் நுனியில் பக்கவாட்டில் 40 கிலோ தள்ளினால், அது ஏறத்தாழ 0.03 மி.மீ. வளையும், நீங்கள் கொடுக்கும் ஃபீடே 0.05தான். அதனால் முதல் சில ஸ்ட்ரோக்குகளில் வெட்டு குறைவாகவும், ஃபீடை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் சிப் வந்துகொண்டும் இருக்கும். 3.3 மி.மீ. ஆழம் வந்ததும் நிறுத்திவிடாமல், சிப் வருவது ஓயும்வரை ஓடவிட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். ஃபீடை எப்போதும் டூல் மேலே இருக்கும்போது மட்டுமே கொடுக்க வேண்டும். திரும்பும் ஸ்ட்ரோக்கில் டூல் உரசாமலிருக்க, பாருக்குள் சிறு பின்னில் ஆடும் டூல் அமைப்பு உண்டு, 18 மி.மீ. பாரில் அதற்காகக் குடைந்தால் பாரின் பலம் போய்விடும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலும் கட்டிங் ஆயிலும் இருந்தால் அந்த உரசலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மெஷினின் 45 சுற்றில், 60 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு டூலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 8.5 மீட்டர், ஹெச்.எஸ்.எஸ்.ஸுக்கு நிம்மதியான வேகம்.

கடைசியாக ஒன்று: கிராங்க் கீழ் முனையை நெருங்கும்போது அதன் விசைக்குக் கணக்கே கிடையாது, பவர் பிரஸ் தகட்டை வெட்டுவதும் இதே தத்துவத்தில்தான். நான் பார்த்த ஒரு பட்டறையில் புல்லியின் அடியில் பேரலல் கட்டை வைக்க மறந்துவிட்டார்கள். மெஷின் நிற்கவில்லை, பார் வளைந்தது, டேபிளில் நகக்கண் அளவுக்குக் குழி விழுந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஸ்பிண்டிலை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே ஓடவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது செங்குத்து டரெட் மில்லிங். இதே இணைப்பை அதில் பொருத்தலாமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: தலையைப் பக்கவாட்டில் 90 பாகை சாய்த்தால் உங்கள் ஸ்பிண்டிலும் கிடைமட்டமாகிவிடும். குவில்லை (ஸ்பிண்டிலைத் தாங்கி முன்னும் பின்னும் நகரும் குழல்) முழுவதும் உள்ளே ஏற்றிப் பூட்டிவிட்டு, இணைப்பின் உடலைத் தலையின் வார்ப்பு உடலோடு பிடித்துக்கொள்ளுங்கள். பேக் கியர் (ஸ்பிண்டில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிமிடத்துக்கு 80 சுற்றில் 60 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு உச்ச வேகம் 15 மீட்டர், அது சமாளிக்கக்கூடியது. பேக் கியர் இல்லாமல் 250 சுற்றில் ஓட்டினால் 47 மீட்டராகிவிடும், டூல் முனை நீலமாகிவிடும். இன்வெர்ட்டர் வைத்து மோட்டார் வேகத்தை மிகவும் குறைத்தால், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றி மோட்டார் சூடேறும். பேக் கியர் இல்லையென்றால், தலையைச் சாய்க்காமல் ஸ்பிண்டிலைப் பூட்டி, குவில் கைப்பிடியாலேயே 3 அல்லது 4 மி.மீ. கீவேகளை அலுமினியத்திலும் வார்ப்பிரும்பிலும் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 8 மி.மீ. கீவேக்கு அந்தக் கைப்பிடியை அழுத்தினால் குவில்லின் ரேக் பல்தான் தேயும்.