தமிழ் ரசீது கேள்விக்குறியாக அச்சாவது ஏன்?

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலச் சீட்டை மொபைலில் நிரப்பி 58 மி.மீ. புளூடூத் பிரிண்டரில் அடித்தால், தமிழுக்குப் பதில் கேள்விக்குறிதான் வருகிறது. என்ன செய்வது?

பிரிண்டர் பழுதில்லை. சூட்டால் அச்சடிக்கும் இந்தச் சின்னத் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. சீட்டு முழுவதையும் படமாக மாற்றி அனுப்புங்கள். படத்தின் அகலம் 384 புள்ளி (பிக்சல்) இருக்கட்டும். பேப்பர் 58 மி.மீ. என்றாலும் அச்சாகும் இடம் 48 மி.மீ.தான், மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. ஏ4 படிவத்தை அப்படியே அனுப்பினால் கால்வாசிக்கும் கீழே சுருங்கி, சுழிகள் அடைத்துப்போய் 'ன' எது 'ண' எது என்றே தெரியாது. எழுத்து உயரம் 28 புள்ளிக்குக் குறைய விடாதீர்கள்.

படகு எண், எடை, விலை எல்லாம் தனித்தனி வரியில் வரட்டும். மீன் பெயரை மட்டும் டைப் அடிக்க விடவே கூடாது: வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி என்று பட்டியலாக வையுங்கள். ஈரக்கை பட்டால் திரையில் தப்பெழுத்துதான் விழும். மொத்தத்தை ஆப்பே கணக்குப் போடட்டும்.

வெறும் வெள்ளையாக வந்தால் ரோலைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சுத்தலையைத் தொட வேண்டும். மங்கலாக வந்தால் முதலில் சார்ஜைப் பாருங்கள். தெர்மல் சீட்டு வெயிலில் கிடந்தால் எழுத்து போய்விடும், அதனால் ஒவ்வொரு சீட்டின் நகலையும் மொபைலில் சேமித்தாக வேண்டும்.