சுன் யாங்: சுத்தியலுக்கு முன்னும் பின்னும்

சீனாவின் ஃப்ரீஸ்டைல் நீச்சல் வீரர் சுன் யாங்கைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, நீச்சலைப் பற்றியே அல்ல. அவரது இரத்த மாதிரிக் கலத்தை உடைத்த அந்தச் சுத்தியலைப் பற்றி. அதற்கும் வருகிறேன். முதலில் தண்ணீரில் இறங்குவோம்.

கல்லூரி மாணவர்: ஐயா, அவர் உண்மையிலேயே அவ்வளவு பெரிய வீரரா, சர்ச்சையால் பெயர் பெற்றவரா?

பெரிய வீரர்தான். ஒலிம்பிக்கில் 200, 400, 1500 மீட்டர் ஃப்ரீஸ்டைல் மூன்றிலும் தங்கம் வென்ற ஆண் அவர் ஒருவரே. உலகப் போட்டிகளில் 11 தங்கம். லண்டன் 2012-க்கு முன்பு சீன ஆண்கள் யாரும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்றதில்லை. 200 மீட்டர் ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். 1500 கால் மணி நேரம் இழுக்கும். இரண்டுக்கும் ஒரே உடல் ஒத்துழைப்பது அபூர்வம்.

நீச்சல் பழகுபவர்: அவரது நீச்சலில் அப்படி என்ன தனித்தன்மை?

எண்ணிப் பாருங்கள், புரியும். 1500 மீட்டர் பந்தயக் காணொளியைப் போட்டு, ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் வரை அவர் எத்தனை முறை கை வீசுகிறார் என்று எண்ணுங்கள். பெரும்பாலும் முப்பதுக்குள் முடிந்துவிடும். பக்கத்துப் பாதையில் நீந்துபவர் அதைவிட அதிகம் வீசிக்கொண்டிருப்பார், ஆனாலும் பின்தங்குவார். கை தண்ணீருக்குள் நுழைந்ததும் அவர் அவசரப்பட்டு இழுப்பதில்லை. முன்னே நீட்டி, முழங்கையை உயரத்தில் நிறுத்தி, தண்ணீரைப் பிடித்த பிறகுதான் இழுக்கிறார். அந்தச் சிறு தாமதத்தில் உடல் வழுக்கிக்கொண்டு போகிறது.

இப்படியே 29 சுவர்களைத் தொட்டுத் திரும்பியபின், கடைசி 50 மீட்டரில் வேறொரு மனிதராகிவிடுவார். கால்கள் முழு வேகத்தில் அடிக்கும். 2011 ஷாங்காய் உலகப் போட்டியில் அந்தக் கடைசி 50 மீட்டரை 26 விநாடிக்குள் முடித்தார். 1450 மீட்டர் நீந்திய பிறகு! மாவட்டப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் நான். களைப்பில்லாமல் 50 மீட்டர் மட்டும் நீந்துபவர்களே அந்த நேரத்தைத் தொட முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் எடுத்த 14:34.14, ஆஸ்திரேலியாவின் கிராண்ட் ஹேக்கெட் பத்து ஆண்டுகளாக வைத்திருந்த உலக சாதனையை அழித்தது.

இல்லத்தரசி: எல்லாம் உயரம்தானே காரணம்?

உயரம் ஏறத்தாழ இரண்டு மீட்டர், உதவாமலா இருக்கும்? தந்தை கூடைப்பந்து, தாய் கைப்பந்து ஆடியவர்கள். தந்தையின் குடும்பப் பெயர் சுன், தாயுடையது யாங். இரண்டையும் சேர்த்ததே மகனின் பெயர். ஆனால் உயரமானவர்கள் எல்லாரும் 1500 மீட்டர் நீந்திவிடுவதில்லை. ஹாங்சோவில் சூ சிகென், ஆஸ்திரேலியாவில் டெனிஸ் காட்டெரெல் ஆகிய பயிற்சியாளர்களிடம் அவர் நீந்தித் தீர்த்த கிலோமீட்டர்களையும் கணக்கில் சேருங்கள்.

விளையாட்டு ஆசிரியர்: லண்டன் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் முன்கூட்டியே குதித்தாரே, ஏன் வெளியேற்றவில்லை?

அரங்கில் எழுந்த சத்தம்தான் காரணம். வீரர்கள் தயார் நிலையில் குனிந்திருந்தபோது கூட்டத்திலிருந்து சத்தம் வர, தொடக்க ஒலி என்று எண்ணி அவர் குதித்துவிட்டார். ஒருவர் முன்கூட்டியே பாய்ந்தால் வழக்கமாக அத்தோடு கதை முடிந்தது. அன்று நடுவர் அதை அவர் தவறாகக் கொள்ளாமல், எல்லாரையும் நிமிரச் சொல்லி மீண்டும் தொடங்கினார். நனைந்த உடம்போடு மேடையேறியவர், 14:31.02 என்ற புதிய உலக சாதனையோடு முடித்தார். இரண்டாவதாக வந்த கனடாவின் ரையன் காக்ரேன் எட்டு விநாடிக்கும் மேல் பின்னால் இருந்தார். சுன் தண்ணீரை அறைந்து அழுதார். எனக்குப் பிடித்த சுன் யாங் அவர்தான்.

மருந்தாளுநர்: 2014 ஊக்கமருந்துச் சோதனையில் பிடிபட்டது டிரைமெட்டாசிடின்தானே? அது இதய மருந்து அல்லவா?

ஆம், நெஞ்சுவலிக்குத் தரப்படுவது. அது தடைப் பட்டியலில் ஏறியதே அந்த ஆண்டு ஜனவரியில்தான். அவர் மே மாதம் சிக்கினார். இதயக் கோளாறுக்காக எடுத்ததாக விளக்கம் சொன்னார், மூன்று மாதத் தடையோடு முடிந்தது. ஆனால் சீன அதிகாரிகள் அதை வெளியே சொன்னது நவம்பரில், தடைக்காலம் முடிந்த பிறகு. சந்தேகத்துக்கு விதை போட்டது மருந்தைவிட அந்த மௌனம்தான்.

வழக்கறிஞர்: சுத்தியல் விவகாரத்தில் அவர் பக்கம் நியாயமே இல்லையா?

கொஞ்சம் இருந்தது. 2018 செப்டம்பர் 4 இரவு, ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்க மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தன்னைப் புகைப்படம் எடுத்ததாகவும், எல்லாரிடமும் முறையான அத்தாட்சி இல்லை என்றும் சுன் எதிர்த்தார். அதுவரை சரி. ஆனால் இரத்தம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அதைக் கொண்டுபோக விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்ததில், பாதுகாவலர் ஒருவர் சுத்தியலால் கண்ணாடிக் கலத்தை உடைத்தார். ஆட்சேபத்தை எழுதிக் கையெழுத்திட்டு, மாதிரியை விட்டுக் கொடுத்திருக்க வேண்டும். விளையாட்டு நடுவர் மன்றமும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. இரத்தத்தில் தடை மருந்து எதுவும் இல்லை என்றால், அதை நிரூபித்திருக்கக்கூடிய ஒரே சாட்சியை அவரே உடைக்க விட்டார்.

அதே வழக்கறிஞர்: எட்டு ஆண்டுத் தடை எப்படிக் குறைந்தது?

2020 பிப்ரவரியில் எட்டு ஆண்டுத் தடை வந்தது. இந்த வழக்கை விசாரித்த நடுவர் குழுவின் தலைவர் பிராங்கோ பிராட்டினி, நாய்க்கறி குறித்துச் சீனர்களைச் சாடி ட்விட்டரில் எழுதியவை பின்னர் வெளிவந்தன. நடுநிலை கேள்விக்குரியது என்று சுவிஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. 2021-இல் வேறு நடுவர்கள் விசாரித்து நான்கு ஆண்டு மூன்று மாதம் விதித்தார்கள். தண்டனை குறைந்தது, குற்றம் நிலைத்தது.

கல்லூரி மாணவர்: மேக் ஹார்ட்டன் சுன்னோடு பதக்க மேடையேற மறுத்தது சரியா?

2019 குவாங்ஜூ உலகப் போட்டியில், சுன் தங்கம் வென்ற 400 மீட்டரில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் அவர். வழக்கு நிலுவையில் இருந்தபோதே தானாகத் தீர்ப்பு எழுதினார் என்பது என் எண்ணம். ஆனால் அடுத்த பதக்க விழாவில் கை கொடுக்காத பிரிட்டன் வீரர் டங்கன் ஸ்காட்டிடம் சுன் கத்தியதைப் பார்த்தபோது, சுன்னுக்காகப் பேசவும் வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற அலுவலர்: இப்போது நீந்துகிறாரா?

தடை முடிந்து, 2024 ஆகஸ்டில் ஹெஃபெய் நகரில் நடந்த தேசியப் போட்டியில் 400 மீட்டரில் முதலாவதாக வந்தார். நேரம் 3:49.58, லண்டனில் 3:40.14. அதே மாதம் 4-ஆம் தேதி, பாரிஸில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் 14:30.67 எடுத்து சுன்னின் 1500 மீட்டர் உலக சாதனையைத் தாண்டினார். சுன் லண்டனில் அதைப் படைத்ததும் ஆகஸ்ட் 4-ஆம் தேதிதான். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள்.