ஊர்ச் சதுப்பில் மண் அடிக்கிறார்கள்: எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

கேள்வி: எங்கள் ஊருக்குக் கிழக்கே பல ஏக்கர் சதுப்பு நிலம் இருக்கிறது. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கோடையில் சேறு வெடித்துக் கிடக்கும். வலசைப் பறவைகள் நிறைய வரும். கொஞ்ச காலமாக ஒரு பக்கம் குப்பை கொட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் மனை போட மண் அடிக்கிறார்கள். குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? எங்கே தொடங்குவது?

பதில்: சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக உங்கள் சதுப்புக்கு வந்து சேராது, நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 2017-ல் மத்திய அரசு சதுப்புநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகளை வெளியிட்டது. ஆக்கிரமிப்பு, குப்பை கொட்டுதல், சுத்திகரிக்காத கழிவுநீரை விடுதல், தொழிற்சாலை அமைத்தல் எல்லாவற்றையும் அவை தடை செய்கின்றன. கடந்த பத்தாண்டு வெள்ள மட்டத்தின் சராசரிக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது. படிக்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த விதிகள் ராம்சார் தளங்களுக்கும் (உலக முக்கியத்துவம் உள்ளவை என்று ராம்சார் சர்வதேச உடன்படிக்கையில் பட்டியலிட்ட சதுப்புகள்), அரசு முறைப்படி அறிவிக்கை செய்த சதுப்புகளுக்கும்தான் நேரடியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் ராம்சார் தளங்கள் 20. உங்களுடையது போன்ற ஊர்ச் சதுப்புகள் பெரும்பாலும் அறிவிக்கை ஆகாதவை. ஆகவே ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லும் மனுவோடு நின்றுவிடாதீர்கள். அறிவிக்கை செய்யச் சொல்லியும் கேளுங்கள். நீடித்துக் காப்பது அதுதான்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த நிலம் வருவாய்த்துறைக் கணக்கில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு ‘அ’ பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகைப்பாடு உள்ள கிராமக் கணக்கு) புலப்பட நகலும் (எல்லை அளவு வரைபடம்) வாங்குங்கள். ‘கழுவெளி’ (அதாவது சதுப்பு), ‘ஓடைப் புறம்போக்கு’ என்று இருந்தால் நல்லது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருந்தால் உஷாராகுங்கள். நம் ஊரில் சதுப்புகள் பறிபோனதற்குப் பெரிய காரணமே இந்தத் தரிசுக் கணக்குதான். பயிர் விளையாத நிலம், வரி வராத நிலம் என்று எழுதி வைத்தார்கள். பிறகு குப்பைக்கிடங்கோ குடியிருப்போ எது வந்தாலும் முதலில் இந்த இடத்தைத்தான் கை காட்டினார்கள். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் நடந்ததும் இதுதான்.

எண்பதுகளில் யுடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பு நடந்தபோது வகைப்பாடு மாறியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒரு விஷயம்: ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் நழுவிவிடுவார்கள். ‘இந்த சர்வே எண்ணுக்கான இந்தப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

நகல் கையில் வந்த பிறகுதான் எந்தச் சட்டம் என்பது தெளிவாகும். பாசனத்துக்காக வெட்டிய ஏரி, கண்மாய் என்றால் சதுப்புநில விதிகள் பொருந்தாது. அது பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை) ஏரியாக இருந்தால் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், 2007 இருக்கிறது. அலை ஏறி இறங்கும் இடம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இயற்கைச் சதுப்பு போலத்தான் தெரிகிறது.

அப்படியானால் இன்னொரு பிடி உண்டு. 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட சதுப்புகளை இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பட்டியலிட்டிருக்கிறது. அதில் கண்ட 2,01,503 சதுப்புகளையும், அறிவிக்கை ஆகாவிட்டாலும், விதிகளின் அடிப்படையில் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் உத்தரவிட்டது. 2024 டிசம்பரில், புதிய பட்டியலில் உள்ளவற்றைக் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்கவும் சொன்னது. உங்கள் சதுப்பு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த மனுவின் முதல் பத்தியே அதுவாக இருக்கட்டும்.

மனுவை மாநில சதுப்புநில ஆணையத்துக்கு எழுதி, கலெக்டருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். ஒவ்வொரு சதுப்புக்கும் ஒரு சுருக்க ஆவணம் தயாரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. எல்லை, தண்ணீர் வரும் வழி, உயிரினங்கள், மக்களுக்கு ஏற்கெனவே உள்ள உரிமைகள் எல்லாம் அதில் வரும். அதற்கான விவரத்தை நீங்களே திரட்டிக் கொடுத்தால் வேலை வேகமாக நகரும். பழைய செயற்கைக்கோள் படங்கள், மாதவாரிப் பறவைக் கணக்கு, எந்த ஓடை வழியாகத் தண்ணீர் வருகிறது என்ற கை வரைபடம் எல்லாமே உதவும். வரைவு அறிவிக்கை வந்ததும் ஆட்சேபணைக்கு 60 நாள் கொடுப்பார்கள். அப்போது மனைக்காரர்கள் கட்டாயம் எழுதுவார்கள். ஆதரவாக நீங்களும் எழுதுங்கள், ஊரையும் எழுத வையுங்கள்.

ஊர் என்று சொல்லும்போது, முதலில் அங்கே மாடு மேய்ப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் போங்கள். ‘அரசு எடுத்துக்கொண்டால் நம்மை உள்ளே விடமாட்டார்கள்’ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும், அது நியாயமான பயம். மேய்ச்சலும் மீன்பிடியும் தொடரலாம் என்று அறிவிக்கையிலேயே எழுத விதிகளில் இடமுண்டு. சுருக்க ஆவணத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். அவர்கள் இல்லாமல் பறவை ஆர்வலர்கள் மட்டும் நடத்தும் போராட்டம் நிலைப்பது கஷ்டம். அவர்களையும் கூட்டிக்கொண்டு கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். சர்வே எண், பரப்பு, கோரிக்கை மூன்றும் தீர்மானத்தில் இருக்க வேண்டும். அந்த நகலோடு எம்எல்ஏவைப் பார்த்து, சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். பேரவையின் மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது அங்கும் கொடுங்கள்.

இதற்கிடையே லாரி நிற்காதே என்பீர்கள். அதற்குப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறது, தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும். காலக்கெடுதான் முக்கியம்: பிரச்சினை எழுந்ததிலிருந்து ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சுற்றுச்சூழலை மீட்டுத் தரக் கேட்பதற்கு ஐந்து ஆண்டு. அதனால் தேதியும் இடமும் பதிவாகும்படி இன்றே படம் எடுத்து வையுங்கள். தீர்ப்பாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பள்ளிக்கரணை உதாரணம். சதுப்புக்கு வெளியே எங்கே வேலை நடந்தால் சதுப்பு கெடுமோ அந்தத் தாக்க மண்டலத்தை ஆய்வு செய்து முடிக்கும்வரை, ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று 2025-ல் உத்தரவிட்டது.

கடைசியாக, மீட்பு என்ற பெயரில் நடக்கும் கெடுதலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிதி வந்ததும் பொக்லைன் வரும். ஏரியைத் தூர்வாருவதுபோல ஆழமாக வெட்டி, சுற்றிலும் கரை போட்டு, நடுவில் தீவு அமைத்து, நடைபாதைக்குக் கல் பதிப்பார்கள். படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் உள்ளானும் மண்கொத்தியும் கணுக்கால் தண்ணீரிலும் ஈரச் சேற்றிலும் இரை தேடுபவை, ஆழ்குளத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. சதுப்புக்கு முதலில் வேண்டியது வரத்து ஓடையின் அடைப்பை நீக்குவதும் சாக்கடையைத் திருப்புவதும்தான். சீமைக்கருவேலத்தை அகற்றுவது அதற்குப் பிறகு. எனவே டெண்டர் விடும் முன்பே திட்ட அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மீட்டர் தோண்டப் போகிறார்கள் என்ற பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.