கிறிஸ்தவ விசுவாசமும் பகுத்தறிவும் ஒத்துப்போகுமா? படித்தவர்கள் எப்படி நம்புகிறார்கள்?

கேள்வி கேட்டவர் பெங்களூரில் இன்ஜினியரிங் படிக்கிறாராம். சபையின் வாலிபர் கூட்டத்தில் ஏதோ சந்தேகம் கேட்டிருக்கிறார். "உன் சுயபுத்தியின்மேல் சாயாதே" என்று நீதிமொழிகள் 3:5-ஐக் காட்டி உட்கார வைத்துவிட்டார்கள். ஹாஸ்டலுக்கு வந்தால், "மூளையைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே சர்ச்சுக்குப் போகிறாய்" என்று கிண்டல். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில். இப்போது லிங்கராஜபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சி.எஸ்.ஐ. சபை. இறையியல் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை, அதனால் இதை ஒரு சபை உறுப்பினரின் பதிலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துப்போகும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் "அறிவியலே கடவுளை நிரூபித்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்த வழியில் அல்ல. அதை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

எங்கள் ஊர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 1965-ல் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் சேர்ந்து, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் (எதிலும் எளிதில் சிக்காத நுண்துகள்) அடையாளத்தைப் பிடித்தார்கள். விண்வெளியிலிருந்து வரும் மற்ற காஸ்மிக் கதிர்களை மேலே இருக்கும் பாறை தடுத்துவிடும் என்பதால்தான் அவ்வளவு ஆழம். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டாலும் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னும் பெருமை உண்டு. இதை வைத்து ஒரு பிரசங்கமும் உண்டு: "கண்ணுக்குத் தெரியாத நியூட்ரினோவை நம்புகிறாய், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நம்ப மாட்டாயா?"

கைதட்டல் வாங்கும், ஆனால் தப்பான வாதம். 1930-ல் பாலி என்ற இயற்பியலாளர் நியூட்ரினோ இருக்கலாம் என்று சொன்னபோது யாரையும் "நம்பு" என்று கேட்கவில்லை. கதிரியக்கத்தில் ஆற்றல் கணக்கு உதைத்தது, அதைச் சரிக்கட்ட ஒரு துகள் தேவைப்பட்டது. 1956-ல் ரெய்ன்ஸும் கோவனும் கருவி வைத்துக் கண்டுபிடித்தார்கள். கிடைக்காமலே போயிருந்தால் கோட்பாட்டை மாற்றியிருப்பார்கள். கடவுள் அப்படி உலகத்துக்குள் இருக்கும் பொருள்களில் இன்னொன்று அல்ல. கருவியில் சிக்குவதும் சிக்காமல் போவதும் அவர் விஷயத்தில் ஒன்றையும் காட்டாது. பிரபஞ்சம் எப்படித் தொடங்கியது என்று சொல்லும் பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கொள்கையைப் படைப்போடு இணைத்துப் பேசியபோது லெமேத்ருக்கே அது பிடிக்கவில்லை. இயற்பியலை இயற்பியலாகவே விடச் சொன்னவர் அவர்.

சரி, அப்படியானால் அறிவுக்கு இங்கே என்ன வேலை? நிறைய இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் எழுதிய முறையைப் பாருங்கள். (எங்கள் சபையில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.) கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கு அவர் முதலில் எழுதுவது எதிர்த்தரப்பின் வாதத்தை. உலகத்தில் இவ்வளவு தீமை இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையையும் மனித மனத்தையும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்பது இன்னொன்று. ஹாஸ்டல் நண்பர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட இவைதான். அதற்கப்புறம்தான் தன் பதிலுக்கு வருகிறார். கடவுள் உண்டு என்பது வரை அறிவால் போகலாம் என்கிறார், ஆனால் திரித்துவத்தை (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை) அறிவால் நிரூபிக்க முயலாதே என்றும் எச்சரிக்கிறார். பலமில்லாத வாதத்தை வைத்தால், இதை நம்பித்தான் இவர்கள் விசுவாசிக்கிறார்கள் என்று வெளியார் சிரிப்பார்களாம். அவருக்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்பே அகஸ்டின் என்ற ஆயரும் இதைச் சொல்லிவிட்டார்: வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி விவரம் தெரிந்த ஒருவர் முன்னால், வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவன் உளறினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அவன் சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

உயிர்த்தெழுதல் என்றதும் அப்போஸ்தலன் பவுலிடம் வர வேண்டும். என்னை உள்ளே பிடித்து வைத்திருப்பது அவர் எழுதிய ஒரு வரி. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா." 1 கொரிந்தியர் 15:14. தன் மதம் எந்த இடத்தில் உடையும் என்று தானே விரல் வைத்துக் காட்டுகிறார். அதற்குச் சற்று முன்னால் சாட்சிகளின் பட்டியல் தருகிறார். ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள், அவர்களில் அநேகர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்கிறார். போய் விசாரித்துக்கொள் என்ற தொனி அதில் இருக்கிறது. நம்மால் இன்று அவர்களைப் போய் விசாரிக்க முடியாது, அந்த இடைவெளி உண்மைதான். அதனால் உயிர்த்தெழுதலைக் கணிதத் தேற்றம்போல நிரூபித்துவிட்டதாகச் சொல்பவரிடமிருந்து நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன். கல்யாணத்துக்கு முன்னால் எவ்வளவோ விசாரிக்கிறோம். ஆனாலும் தாலி கட்டுவது விசாரணையின் கடைசி வரி அல்ல, அது ஒரு சம்மதம். அதற்காக விசாரிக்காமல் சம்மதித்தவரை யாரும் மெச்சுவதும் இல்லை.

இதெல்லாம் ஏட்டு விவகாரம் என்று தோன்றினால் என் கடைக்கு வாருங்கள். மாதாமாதம் இன்சுலின் வாங்குகிற ஒரு அக்கா திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் காலில் கட்டோடு, பஞ்சும் கட்டுத்துணியும் வாங்க வந்தார்.

"ஏன்க்கா, ஊசி மருந்து வாங்க வரவே இல்லையே?"

"ஜெபத்துல விடுதலை கிடைச்சிருச்சு தம்பி. இன்னும் ஊசி போட்டா அது அவிசுவாசம்னு சொன்னாங்க."

அப்போது சர்க்கரை பார்த்தபோது 400-ஐத் தாண்டியிருந்தது. எந்தக் கூட்டம், யார் சொன்னது என்பது இங்கே வேண்டாம். நான் அவரிடம் அறிவியல் பேசவில்லை. அவர் கையிலிருந்த வேதாகமத்தையே திறக்கச் சொன்னேன். பவுலின் உறுமால்களை (கைக்குட்டைகளை) கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியது என்று அப்போஸ்தலர் 19-ல் இருக்கிறது. அதே பவுல், அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் தன் கூட்டாளி தீமோத்தேயுவுக்கு உறுமால் அனுப்பவில்லை; வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று எழுதுகிறார். இன்னொரு கூட்டாளியைப் பற்றி, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்கிறார். பவுலுக்கு விசுவாசம் குறைந்துபோயிற்றா அக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மகனுக்குப் போன் போட்டார், அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனார்கள்.

பகுத்தறிவு என்று நான் சொல்வது இதைத்தான். ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து அதை வைத்து உயிரோடு விளையாடுகிறவரிடம், மற்ற வசனங்கள் என்ன சொல்கின்றன, நடந்தது என்ன என்று கேட்கும் புத்தி. இது விசுவாசத்துக்கு வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. உங்களுக்குக் காட்டிய நீதிமொழிகள் 3:5-க்கும் இதே சோதனையைப் போடுங்கள். இரண்டு வசனம் தாண்டினால் "நீ உன்னை ஞானியென்று எண்ணாதே" என்று வருகிறது. தலைக்கனத்தைத்தான் கண்டிக்கிறது, கேள்வியை அல்ல. அதற்கு முந்தைய அதிகாரமோ, ஞானத்தை வெள்ளியைப்போல் நாடு, புதையலைப்போல் தேடு என்கிறது. "வழக்காடுவோம் வாருங்கள்" என்று ஏசாயா 1:18-ல் கூப்பிடுவது கர்த்தரே.

அறிவுக்கு எட்டாத இடமும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். சின்னக் குழந்தைக்குப் புற்றுநோய் மருந்து வாங்க வரும் அப்பாவிடம் கொடுக்க என்னிடம் எந்த விளக்கமும் இல்லை. காரணம் தெரியாமல் துன்பப்பட்டவனின் கதையான யோபு புத்தகத்திலும் விளக்கம் கிடையாது. ஆனால் அதன் கடைசி அதிகாரத்தில் ஒன்று நடக்கிறது. கடவுளுக்காக வாதாடி, எல்லாவற்றுக்கும் காரணம் கற்பித்த மூன்று நண்பர்கள்மேல் கர்த்தருக்குக் கோபம் வருகிறது. கடவுளிடமே சண்டை போட்ட யோபு பேசியதுதான் சரி என்கிறார் (42:7).

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள், சபையை விட்டுவிடலாமா என்று. அவசரப்படாதீர்கள். ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன், சிவாஜிநகர் சுற்றுவட்டாரத்திலேயே தமிழ் ஆராதனை நடக்கும் சபைகள் பல பிரிவுகளில் இருக்கின்றன. சில ஞாயிறுகள் போய்ப் பாருங்கள். ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் (சபைப் போதகரிடம்) அதே கேள்வியைக் கேளுங்கள். "தெரியல தம்பி, படிச்சுப் பாத்துட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த வாரமும் அங்கேயே போங்கள்.