பப்ஸ்ல இருந்து கலக்கி வரைக்கும்: சரக்கு மாஸ்டர்கிட்ட கேளுங்க

வணக்கமுங்க. கோயமுத்தூர்ப் பக்கம் பேக்கரில 22 வருசம் சரக்கு மாஸ்டரா இருந்தவன். பேக்கரில பன்னு, கேக்கு, பப்ஸு எல்லாத்துக்கும் பேரு சரக்குதான், சிரிக்கறவங்க சிரிச்சுக்கங்க. அப்புறம் மச்சான் ஒரு பாரோட சமையக்கட்டைக் குத்தகைக்கு எடுத்தப்போ ஆறு வருசம் அங்க கல்லுல நின்னேன். ஆக, ரெண்டு சரக்குக்கும் பக்கத்துல நின்ன ஆளு. கூட்டாளிங்களோட நின்னு திங்கற எதைப் பத்தி வேணும்னாலும் கேளுங்க. எந்தக் கடை நல்லாருக்கும்னு மட்டும் கேக்காதீங்க, பேர் சொல்ல மாட்டேன்.

சிங்காநல்லூர்க்காரன்: மாஸ்டர், ஒரே கடை, ஒரே முட்டை பப்ஸ். காலைல முறுமுறுன்னு இருக்கு. சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சு நாலு பேரும் போய் நின்னா சவசவன்னு இருக்கு. ஏனுங்?

பப்ஸுக்கு ஆயுசு நாலு மணி நேரம்தான் கண்ணு. மைதாவைப் பிசைஞ்சு அரை மணி நேரம் விட்டு, தேய்ச்சு, மார்கரின் பூசி, மூணா மடிப்போம். மறுபடி தேய்ச்சு மறுபடி மூணு மடிப்பு. இப்படி நாலு தடவை பண்ணுனா 81 அடுக்கு. 200 டிகிரிக்கு மேல அடுப்புக்குள்ள போனதும் மாவுல இருக்கற தண்ணி ஆவியாகி மேல கெளம்பப் பாக்கும், நடுவுல இருக்கற கொழுப்பு வழி விடாது. அந்த மல்லுக்கட்டுல அடுக்கு ஒவ்வொண்ணாத் தூக்கிக்கும்.

வெளிய எடுத்ததும் கதை திரும்பிடும். உள்ள இருக்கற வெங்காய மசாலா ஈரம். முட்டை வெள்ளைல கிட்டத்தட்ட பத்துல ஒம்பது பங்கு தண்ணி. அது மெல்ல மெல்ல அடுக்குக்குள்ள ஏறும். கண்ணாடிப் பெட்டில பல்பு போட்டு வெச்சா சூடு என்னவோ நிக்கும், ஆனா ஆவி வெளிய போக வழியில்லாம அங்கயே சுத்தும். கைல தொட்டா சூடு, கடிச்சா துணி.

மசாலாவை ஆற வெக்கறதுலதான் பாதி தொழில். நான் சேர்ந்த புதுசுல ஒரு நாள் அவசரத்துல சூட்டோட வெச்சு மடிச்சுட்டேன். அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடியே மார்கரின் உருகி அடுக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. நாலு ட்ரே. வெந்து வந்தது பப்ஸ் இல்ல, மசாலா வெச்ச செருப்பு. மொதலாளி திட்டல. ஒண்ணை எடுத்து என் கைல குடுத்து, "டீயோட சாப்பிடு"ன்னாரு. அவர் நின்னு பாக்கப் பாக்க முழுசும் தின்னேன்.

அதனால பப்ஸ் சொல்றதுக்கு முன்னாடி "எப்பண்ணா எடுத்தது?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. இதை இன்னைக்கு இன்னும் நாலு தடவை சொல்லுவேன். எங்க கடைல காலைல ஆறரைக்கு ஒரு ஓட்டம், மத்தியானம் மூணரைக்கு ஒரு ஓட்டம். உங்க கடைக்கும் ஒரு கணக்கு இருக்கும், ஒரு வாரம் பாத்தா பிடிபட்டுரும். வீட்டுக்கு வாங்கிட்டுப் போனா மைக்ரோவேவ்ல வெக்காதீங்க, இருக்கற ஈரத்தையும் கிளப்பி விட்டுரும். தோசைக்கல்லைச் சிறுதீயில வெச்சு, மேல தட்டை அரைகுறையா மூடி அஞ்சு நிமிசம் விடுங்க.

பீளமேடு ஹாஸ்டல்: முட்டை பப்ஸ்ல அரை முட்டை வெக்கறது கஞ்சத்தனம்தானே?

பாதி கஞ்சத்தனம், பாதி தொழில். முழு முட்டை வெச்சா மேல மூடற மாவு ஷீட்டு கூடாரமா நிக்கும், ஓரம் ஒட்டாது, முட்டைக்குக் கீழ இருக்கற மாவு வேகாம களியா நிக்கும். அரை முட்டையை வெட்டுன பக்கம் கீழ பாக்க மசாலாமேல கவுத்து வெச்சா மஞ்சக்கரு காயாது. கால் முட்டை வெக்கறவனைப் பத்திக் கேளுங்க, உங்களோட சேர்ந்து நானும் திட்டறேன்.

சங்கீதா ரசிகை: தேன் கேக்ல தேனே இல்லையாமே?

இல்லீங்க அம்மணி. ஸ்பாஞ்சுமேல சர்க்கரைப் பாகு ஊத்தி, ஜாம் தடவி, தேங்காத் துருவல் தூவறது. தேன் மிட்டாயிலயும் தேன் கிடையாது. டூட்டி ஃப்ரூட்டி பச்சைப் பப்பாளி. கேக்குமேல உக்காந்திருக்கற செர்ரி முக்காவாசிக் கடைல களாக்காய், சாயம் ஏத்துனது. இன்னும் ஏதாச்சும் மனசு உடையணும்னா சொல்லுங்க.

மலைக்காரன்: ஊட்டி வர்க்கி கீழ வாங்குனா அந்த ருசி வர மாட்டேங்குது.

விறகு அடுப்பு. புவிசார் குறியீடு வாங்குனது சும்மா இல்ல. அங்க போறப்போ வாங்குங்க, டீல முக்காம கடிங்க.

19 வயசு: அண்ணா, பார்ல மொத தடவை போறப்போ என்ன சைட் டிஷ் சொல்றது?

தமிழ்நாட்டுல 21. பேக்கரிக்குப் போ சாமி.

ராத்திரி ஷிஃப்ட்: பார்ல உக்காந்ததும் சுண்டல், மாங்காய், வறுத்த கடலை எல்லாம் கேக்காமயே வருதே, அதுல மச்சானுக்கு என்னங்க லாபம்?

நல்ல கேள்வி. உப்பு இருக்கு, காரம் இருக்கு, தாகம் எடுக்கும். அடுத்த பாட்டில், அடுத்த சோடா. அதுல வந்துரும். நான் நின்ன பார்ல சுண்டலுக்குப் போடற உப்பை மட்டும் மச்சான் தன் கையால போடுவான், என்னை விட மாட்டான்.

ஆனா ஒண்ணு, வெறும் வயித்துல உக்காரறதுக்கு அந்தச் சுண்டல் ஆயிரம் மடங்கு மேல். வயித்துல சாப்பாடு இருந்தா சாராயம் சிறுகுடலுக்கு எறங்கறது மெதுவாகும். பெரும்பாலும் அங்கதான் அது ரத்தத்துல ஏறுது. மெதுவாகும்னு சொன்னேன், ஏறாதுன்னு சொல்லல. குடிச்சு முடிச்சதுக்கப்புறம் பிரியாணியை அமுக்கறது கதவைத் திறந்து விட்டுட்டுப் பூட்டுத் தேடற கதை.

பேரு வேண்டாம்: குடிச்சுட்டு பன்னு, டீ சாப்பிட்டா ஊதற மெஷின்ல தெரியாதாமே?

தெரியும். மூச்சு நுரையீரல்ல இருந்து வருது, பன்னு வயித்துல கெடக்கு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமைத் தாண்டுனாலே கேஸு. மொத தடவைக்கே 10,000 ரூபா வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். பஸ்ல போங்க, ஆட்டோ புடிங்க, குடிக்காத ஒருத்தனை ஓட்டச் சொல்லுங்க.

காந்திபுரம் குரூப்: பேக்கரில சிக்கன் ரோலுக்கு மயோனைஸ் தனியா கேட்டா இல்லைங்கறாங்க. நாங்களே பச்சை முட்டைல அடிச்சுக்கலாமா?

2025 ஏப்ரல்ல பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டுல ஒரு வருசம் தடை போட்டாங்க. கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2023ல. காரணம் சால்மொனெல்லாங்கற கிருமி. பச்சை முட்டைல அடிச்ச மயோனைஸ் டப்பாவைக் காலைல கலக்கி ராத்திரி வரைக்கும் கல்லு பக்கத்துலயே வெச்சிருந்த கடைங்களை நானே பாத்திருக்கேன். கிருமி சூடான இடத்துல அரை மணிக்குள்ள ரெட்டிப்பாகக் கூடியது. அரை மணிக்கொருதரம்னு வெச்சாலும் ஆறு மணி நேரத்துல ஒண்ணு 4,096 ஆகிடும். முட்டை இல்லாம பால்ல பண்றது இருக்கு, பதப்படுத்துன முட்டைல பண்ணி அடைச்சு விக்கறது இருக்கு. அதை வாங்கி ஃப்ரிட்ஜுல வைங்க.

அவிநாசி ரோடு: அப்ப கலக்கி மட்டும் என்னவாம்? நீங்களே ஆறு வருசம் கலக்கி போட்டவரு!

இதைத்தான் எதிர்பாத்தேன். வெளியூர்க்காரங்களுக்காக: கலக்கிங்கறது எங்க கொங்குநாட்டுச் சங்கதி. ரெண்டு முட்டையை டம்ளர்ல அடிச்சு, உப்பு, மிளகு, ஒரு கரண்டி சால்னா விட்டு, நல்லாக் காஞ்ச கல்லுல ஊத்தி, ஓரம் வெந்ததும் நாலு பக்கமும் மடிச்சு உடனே தட்டுக்குத் தள்ளறது. உள்ள கொழகொழன்னு இருக்கும். அரை நிமிசம் தாண்டுனா ஆம்லெட், அவசரப்பட்டா சூப்பு.

கலக்கிலயும் முட்டை முழுசா வேகாது, ஒத்துக்கறேன். ஆனா உடைச்சதுக்கும் வாய்க்குப் போறதுக்கும் ரெண்டு நிமிசம்தான். பெருக நேரம் கிடையாது. மயோனைஸுக்கு நாள் முழுக்க நேரம் இருக்கு. என் கணக்கு அவ்வளவுதான்.

மருத்துவம் மூணாம் வருசம்: உங்க கணக்குல ஓட்டை இருக்குங்க மாஸ்டர். முட்டைக்குள்ளயே கிருமி நெறைய இருந்தா ரெண்டு நிமிசமெல்லாம் பேச்சே இல்ல. 70 டிகிரி தொடணும். கலக்கியோட நடுப்பகுதி தொடாது.

சரிதான் அம்மணி. ஆபத்து குறைச்சல்னு சொல்லலாம், இல்லைன்னு சொல்லக் கூடாது. கொழந்தைங்க, முழுகாம இருக்கறவங்க, வயசானவங்க, உடம்பு முடியாதவங்க கலக்கி பக்கம் போக வேண்டாம். இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

ஆயா பேரன்: எங்க ஆயா தினம் பச்சை முட்டை குடிச்சு 90 வயசு வரைக்கும் இருந்தாங்க!

ஆயா குடிச்சது வீட்டுக் கோழி இட்ட அன்னைக்கே. நீங்க வாங்கறது எந்த லாரில எத்தனை நாள் வெயில்ல நின்னதோ.

அவிநாசி ரோடு: அப்போ கலக்கியும் தடை பண்ணணுமா? முடிவாச் சொல்லுங்க.

நான் என்ன அரசாங்கமா? எனக்குக் கலக்கி பிடிக்கும். நல்ல முட்டைன்னு தெரிஞ்ச எடத்துல திங்கறேன். ஒரு சட்டில பத்து முட்டையை மொதல்லயே உடைச்சு ஊத்தி வெச்சுக் கரண்டி கரண்டியா எடுத்துப் போடற எடத்துல திங்க மாட்டேன். அது கலக்கி இல்ல, அதுவும் மயோனைஸ்தான். கல்லு பக்கத்துல நின்னு, முட்டையை உங்க கண்ணு முன்னாடி உடைக்கறாங்களான்னு பாருங்க.

பொள்ளாச்சி ரோடு: ஆம்லெட், ஆஃபாயில், கலக்கி, இதுல எது...

முட்டையை விடுங்க சாமி. முட்டையைப் பத்தி மட்டும் இன்னும் பதினாலு கேள்வி வரிசைல நிக்குது. அத்தனைக்கும் பதில் மேலயே இருக்கு.

கரூர் மாப்ளே: பார் சில்லி சிக்கன் அவ்வளவு செவப்பா எப்படி வருது? வீட்டுல வரலியே.

காஷ்மீரி மிளகாய்ல ஓரளவு வரும். கை செவக்கற செவப்பு வராது, அது கலர்ப்பொடி. எண்ணெயையும் பாருங்க. கறுத்து, நுரை கட்டி, வாசமே மாறியிருந்தா எழுந்துருங்க. அடிக்கடி காய வெச்ச எண்ணெய்ல 25 சதவீதத்துக்கு மேல கெட்ட பொருள் சேர்ந்தா உபயோகிக்கக் கூடாதுன்னு 2018ல இருந்து சட்டமே இருக்கு. பார்ல சிக்கனை மத்தியானமே அரைவேக்காடாப் பொரிச்சு வெச்சு, கேட்டப்புறம் ரெண்டாந்தரம் போடறதும் வழக்கம். ஃப்ரிட்ஜுல வெச்சிருந்தா தப்பில்ல. வெளிய சட்டில குமிச்சு வெச்சிருந்தா காடை வறுவல் சொல்லுங்க, அது பெரும்பாலும் கேட்டப்புறம்தான் எண்ணெய்க்குப் போகும். பஜ்ஜியை நியூஸ்பேப்பர்ல வெச்சு அமுக்கித் திங்காதீங்க, மையும் சேர்ந்து வயித்துக்குப் போகுது.

சுகர் 180: கேக்குதான் கூடாது, ரஸ்க் திங்கலாம்ல?

டாக்டரைக் கேளுங்க. ரஸ்க்குங்கறது சர்க்கரை போட்ட ரொட்டியை ரெண்டாந்தரம் வேக வெச்சது, அது மட்டும் எனக்குத் தெரியும்.

புரோட்டீன் பாய்: பிரெட்ல எல்லாம் கெமிக்கலாமே?

மாவு நல்லா உப்பி வரறதுக்குப் போட்டுட்டிருந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016லயே தடை பண்ணிட்டாங்க. பூசணம் வராம இருக்கப் போடற கால்சியம் புரொப்பியோனேட்டுக்கு அனுமதி இருக்கு. நாலாவது நாள் பூசணம் பூத்தா பிரெட்டைத் திட்டாதீங்க, பத்து நாள் ஆகியும் பூக்கலைன்னா அப்ப யோசிங்க.

சோடா பார்ட்டி: நான் குடிக்கறதில்லை. சைட் டிஷ் மட்டும் திங்கறேன். பில்லைச் சமமாப் பிரிக்கறானுங்க. நியாயமா?

பங்காளித் தகராறுக்கு நான் வர மாட்டேன். ஆனா ஆறு வருசம் கல்லுல நின்னவன் சொல்றேன், குடிக்காதவன்தான் காடையை முடிப்பான்.

பேரு வேண்டாம் 2: மோர் குடிச்சா ஊதற மெஷின்ல...

மேல படிங்க.

வடவள்ளி: வெங்காயம் தின்னா...

மேல படிங்க!

காளான் பைத்தியம்: ரோட்டோரக் காளான்ல காளான் எவ்வளவு?

முக்காவாசி முட்டைக்கோஸ். ருசி அதுலதான் இருக்கு, குத்தம் சொல்லாதீங்க.

சிங்காநல்லூர்க்காரன்: மாஸ்டர், கடைசியா ஒண்ணு. மணி ஒம்பதரை. நாலு பேரும் இப்ப பேக்கரி வாசல்லதான் நிக்கறோம். என்ன சொல்றது?

பப்ஸ் சொல்லாதீங்க, அது மத்தியானம் வந்ததாத்தான் இருக்கும். பன் பட்டர் ஜாம் நாலு சொல்லுங்க. பன்னை ரெண்டா வெட்டி, வெட்டுன பக்கம் கல்லுல படற மாதிரி பட்டர்ல வாட்டச் சொல்லுங்க. ஜாமை வாட்டுனதுக்கப்புறம் தடவச் சொல்லுங்க, முன்னாடி தடவுனா கல்லுல கருகிரும். டீ மாஸ்டர் வீட்டுக்குக் கெளம்பிட்டிருப்பாரு, சீக்கிரம்!