சின்ன மகளுக்கு வீடு கட்ட வயலை விற்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். வயது 61. கணவர் மூன்று வருடத்துக்கு முதல் காலமாகிவிட்டார். இரண்டு மகள்மார். மூத்தவளின் கல்யாணத்தோடு நாங்கள் இருந்த வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்தோம். நான் அதே வளவில் பின்பக்கம் ஒரு அறையில் இருக்கிறேன். இளையவளுக்கு 29 வயது, கொழும்பில் வேலை. "எனக்கு வீடும் வேணாம், கல்யாணமும் இப்ப வேணாம்" என்கிறாள். வீடு இல்லாமல் மாப்பிள்ளை வராது என்று சொந்தக்காரர் நெருக்குகிறார்கள். கணவர் பெயரில் மூன்று ஏக்கர் உறுதி வயல் இருக்கிறது. அதை விற்று, வளவின் பின்பக்கத்தில் அவளுக்கு வீடு கட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. வயலை விற்பதிலும் சிக்கல் இருக்கிறது, வளவுக்குள் கட்டுவதிலும் சிக்கல் இருக்கிறது.

முதலில் மூத்த மகளின் சீதன உறுதியை எடுத்து, காணியின் எல்லைகள் எழுதியிருக்கும் பகுதியை வாசியுங்கள். நாலு பக்க எல்லையும் முழு வளவுக்கும் போட்டு, "இதற்குள் அடங்கிய நிலமும் வீடும் கிணறும்" என்று எழுதியிருந்தால், நீங்கள் படுத்து எழும்பும் பின்பக்கமும் மூத்தவளுடையதுதான். அங்கே யார் காசில் வீடு எழும்பினாலும், நிலம் யாருக்கோ கட்டடமும் அவருக்கே என்பதுதான் பொதுவான சட்டம். இளையவளுக்கென்று வயலை விற்றுக் கட்டிய வீடு மூத்தவள் பெயரில் போய் நிற்கும். இன்றைக்கு அக்காவும் தங்கச்சியும் ஒற்றுமையாக இருக்கலாம். நாளைக்குப் பேசப் போவது மருமக்களும் பேரப்பிள்ளைகளும்.

அங்கேதான் கட்ட வேண்டுமென்றால், நில அளவையாளரைக் கூப்பிட்டு வளவைப் பிரித்து, பின்துண்டை மூத்தவள் தங்கச்சிக்கு நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஒழுங்கைக்கு வரும் வழியும் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரித்தும் எழுத்தில் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் காணி பிரிக்கும்போது அடிக்கடி விடுபடுவது இந்த இரண்டும்தான். முன்வீட்டுக்காரர் மதில் எழுப்பும் நாளில்தான் அது தெரியவரும்.

அடுத்தது வயல். அது கணவர் பெயரில் இருக்கிறது, மரணசாதனம் (உயில்) இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. தேசவழமை என்ற வழமைச் சட்டம் நமக்கும் பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வடமாகாணத் தமிழருக்கு உரியது. மட்டக்களப்பில் பழைய நாளில் தாய்வழியாகச் சொத்து இறங்கிய முக்குவர் வழமை இருந்தது, இன்று நீதிமன்றம் அதைப் பார்ப்பதில்லை. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க விவாக உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம். அதன்படி வயலில் பாதி உங்களுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆகவே மகள்மார் இருவரும் கையெழுத்து வைக்காமல் முழு வயலையும் நீங்கள் விற்க முடியாது. பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு வைக்கவும் வேண்டிவரலாம்; உயில் இல்லாவிட்டாலும் இறந்தவரின் சொத்து வழக்குக்கு இதுதான் பெயர்.

இதே சட்டத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. கல்யாணத்தின்போது தகப்பனிடம் கூடுதலாக வாங்கிய பிள்ளை, பிறகு அவரது முதிசத்தில் பங்கு கேட்டு வந்தால், வாங்கியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெற்றவர் அதை விட்டுக்கொடுத்திருந்தால் மட்டும் விலக்கு. சீதன வீட்டில் கணவர் கொடுத்த பங்கு இந்தக் கணக்குக்குள் வரும். எனவே பிள்ளைகளின் பாதி வயலில் இளையவளுக்குக் கூடுதலாக நியாயம் இருக்கிறது. மூத்தவள் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் வழக்கே வேண்டாம். வீடு கட்டாமலேயே சின்னவளின் பங்கு இப்படித் தீர்ந்துவிடும். வயலும் கையில் இருக்கும், பெரும்போகத்துக்குக் குத்தகையும் வரும், உங்கள் சாப்பாட்டு நெல்லும் வரும்.

சொந்தக்காரர் சொல்வதை நான் முழுதாகத் தள்ளவில்லை. பெண்ணுக்கு வீடு கொடுக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். மாப்பிள்ளை வந்து இருப்பது பெண்ணின் வீட்டில், சண்டை வந்தால் வெளியே போக வேண்டியவள் அவளல்ல. சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் புதுவீட்டுப் பத்திரத்தைக் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரில் கொடுத்தபோது இங்கத்தைய பெண்கள் இழந்தது அதைத்தான். ஆனால் அந்த வழக்கம், மகள் அதே வளவில் வாழ்வாள் என்று நம்பி வந்தது. உங்கள் மகள் கொழும்பில். அவள் திருகோணமலைக்காரரைக் கட்டலாம், வெளிநாடு போகலாம், கட்டாமலும் இருக்கலாம். இல்லாத மாப்பிள்ளைக்கு அத்திவாரம் போட்டால், கம்பி கறள் பிடித்து நிற்கும் தூண்களை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். கல்யாணப் பேச்சையும் சொத்துப் பேச்சையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். அவள் லீவில் வரும்போது, "வயலில் உனக்கு இவ்வளவு பங்கு, அதை என்ன செய்ய விருப்பம்?" என்று மட்டும் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் அறை. சீதன உறுதி எழுதும்போது உங்களுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும் வரை அங்கே இருக்கும் உரிமை, வைத்தீர்களா? இல்லையென்றால் அந்த அறையில் நீங்கள் இருப்பது மகளின் தயவில். கொடுத்த நன்கொடையைத் திருப்பி எடுப்பது லேசான காரியமில்லை. 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குத் தொடர்ந்து, பெரும் நன்றிகேட்டை நிரூபிக்க வேண்டும். அந்த நிலைக்குப் போகாமல், பின்பக்கத்தைப் பிரிக்கும் அதே வேளையில் உங்கள் அறைக்கும் கிணற்றடிக்கும் சீவிய உரித்து எழுதித் தரும்படி மூத்தவளிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்க வெட்கமாக இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நொத்தாரிசிடம் போகும்போது சீதன உறுதி, வயல் உறுதி, கணவரின் மரணச் சான்றிதழ், உங்கள் விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வரைவு தயாரானதும் அங்கேயே கையெழுத்து வைக்காமல் ஒரு பிரதி வாங்கி வந்து, இளையவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அவளும் வாசித்த பிறகு போய் வையுங்கள்.