சுதந்திரப் போராட்டத்தில் பி.எச்டி. செய்தால் வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. வரலாறு முடித்த மகள் 1908 திருநெல்வேலி எழுச்சியைப் பற்றி பி.எச்டி. செய்ய ஆசைப்படுகிறாள், ஐந்து வருஷம் போன பிறகு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலை. ஆனால் இதில் தலைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவித்தொகை இல்லாமல், கேள்வி என்னவென்று தெளியாமல் அவசரமாகப் பதிவு செய்வதில்தான் பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள்.

முதலில் பணம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைக்கும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஆகவே அவளுக்கு நேரம் இருக்கிறது. ஜேஆர்எஃப் தவறினாலும் நெட் தேறினால் அது வீண்போகாது. 2023-லிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு போதும், பி.எச்டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியராக உயர அது தேவைப்படும். அரசுக் கல்லூரி நியமனம் நினைத்த நேரத்தில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் இன்னொரு வழியையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டு ஆவணவியல் பட்டயப் படிப்பு, காப்பக வேலைக்கு நேராகப் பயன்படும்.

இனி ஆய்வு. "திருநெல்வேலி எழுச்சி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த ஆய்வு வழிகாட்டியும் திருப்பி அனுப்பத்தான் செய்வார். வ.உ.சி. கைதானதும் மார்ச் 13 அன்று ஊர் கொதித்ததும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் பலர் எழுதியவை. அவள் ஒரு கேள்வியைப் பிடிக்க வேண்டும். உதாரணமாக, கலகத்துக்குப் பிறகு அரசு தண்டக் காவல் படையை நிறுத்தி, அந்தச் செலவை ஊர் மக்கள் தலையிலேயே கட்டியது. யார் எவ்வளவு கட்டினார்கள்? யாருக்கு விலக்கு கிடைத்தது? விலக்கு கேட்டு மனு போட்டவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? இல்லையென்றால், கலகத்துக்குச் சில நாள் முன்பு தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் செய்து, நிர்வாகத்தைப் பணிய வைத்த தொழிலாளர்கள் யார், எந்த ஊர்களிலிருந்து வந்தவர்கள்? இப்படிக் கேட்டால்தான் மேடையில் பெயர் வராத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்.

சான்றுகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போதிய இடம். அங்கே நீதித்துறை அரசாணைகளையும், இந்திய மொழிப் பத்திரிகைகளிலிருந்து அரசு வாராவாரம் மொழிபெயர்த்து வைத்த அறிக்கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே ஆட்சியாளரின் கண்ணில் பட்டவை. ஒரு போலீஸ் அறிக்கை "கூலிகள்", "வெறிக் கூட்டம்" என்று எழுதினால், எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்று படிக்கப் பழக வேண்டும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு சென்னை ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்றும் கேட்டிருந்தீர்கள். கென்யாவில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த மாவ் மாவ் போராட்டத்தின்போது தடுப்பு முகாம்களில் சித்திரவதைப்பட்டவர்கள் லண்டனில் வழக்குப் போட்டபோது, வரலாற்று ஆய்வாளர்கள் நிபுணர் சாட்சியம் அளித்தார்கள். பிரிட்டன் அதுவரை மறைத்து வைத்திருந்த காலனியக் கோப்புகளும் அப்போதுதான் வெளியே வந்தன. 2013-இல் 5,228 பேருக்காக 1.99 கோடி பவுண்டு கொடுக்க பிரிட்டன் ஒப்புக்கொண்டது.

இப்போதைக்கு மகளிடம் இதைச் சொல்லுங்கள்: அடுத்த நெட் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, படிப்புக்கு இடையே இரண்டு வாரம் எழும்பூர் போய், தன் கேள்விக்குப் போதுமான கோப்பு இருக்கிறதா என்று பார்க்கட்டும். எம்.ஏ. ஆசிரியரிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. பார்த்ததை இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு வழிகாட்டியைத் தேடட்டும். பதிவு அதற்குப் பிறகு.